மேட்டூர் சிலிக்கானும் பச்சைத் திரையில் ஒரு கோடும்

சேலம், நாமக்கல் பக்கம் டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்த யாரைக் கேட்டாலும் அந்த ஆய்வகப் பயிற்சி நினைவிருக்கும். பிரெட் போர்டில் எஸ்.எல்.100 அல்லது பி.சி.107 டிரான்சிஸ்டர் ஒன்று. இரண்டு பவர் சப்ளை, ஒரு மைக்ரோ அம்மீட்டர், ஒரு மில்லி அம்மீட்டர், ஒரு வோல்ட் மீட்டர். பேஸ் மின்னோட்டத்தை 20 மைக்ரோ ஆம்பியரில் நிறுத்திவிட்டு, கலெக்டர் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கலெக்டரில் எவ்வளவு ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு 40 மைக்ரோ ஆம்பியர். பிறகு 60. ஐம்பது அறுபது அளவுகளை எடுத்து முடிப்பதற்குள் டிரான்சிஸ்டர் சூடாகிவிடும், முதலில் குறித்த எண்கள் கடைசியில் பொருந்தாது. அதையெல்லாம் கிராஃப் தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து வளைகோடுகள் கிடைக்கும். ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது.

அதே வளைகோடுகளை ஒரு நொடிக்குள் திரையில் வரைந்து காட்டும் கருவி ஒன்று 1950-களிலேயே இருந்தது. கர்வ் டிரேசர் என்று பெயர். முதலில் தனிப் பெட்டியாக வந்தது. பிறகு, ஆஸிலாஸ்கோப்பின் முகப்பில் செருகி எடுக்கும் பிளக்-இன் தொகுதியாகவும் வந்தது. இன்று அவற்றைப் பழம்பொருள் பிரியர்களும் சில சோதனைக்கூடங்களும் மட்டுமே தேடுகிறார்கள். ஆனால் அந்தக் கருவிகள் சொல்லித்தரும் பாடம் பழையதாகவில்லை. மின்னணு உதிரி பாகம் ஒன்று நல்லதா கெட்டதா என்பதை ஓர் எண் சொல்லாது, அதன் கோடுதான் சொல்லும்.

கதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் இருவரும் 1946-ல் போர்ட்லண்டில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆஸிலாஸ்கோப்பை, நம் ஆய்வக வழக்கில் சி.ஆர்.ஓ.வை, வெறும் வேடிக்கை காட்டும் திரையாக இல்லாமல் துல்லியமாக அளக்கும் கருவியாக மாற்றியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. 1950-களின் நடுவில் அவர்கள் செய்த ஒரு காரியம் தொழிலையே மாற்றியது. திரை, மின்வழங்கி, நேர அச்சு ஆகியவற்றை ஒரு பெரிய பெட்டியில் வைத்துவிட்டு, அளக்க வேண்டிய சிக்னலை வாங்கும் முன்பகுதியை மட்டும் கழற்றி மாட்டும் தொகுதியாக்கினார்கள். ஒரே சி.ஆர்.ஓ.வை வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு தொகுதி, நாளைக்கு வேறு தொகுதி என்று மாற்றிக்கொள்ளலாம்.

டிரான்சிஸ்டர் சந்தைக்கு வந்த புதிது அது. வெற்றிடக் குழாய்களான வால்வுகளை நம்பிப் பழகிய பொறியாளர்களுக்கு இந்தச் சின்னப் பொருளின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஒரே எண் அச்சிட்ட இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. எனவே குறைக்கடத்திகளைச் சோதிக்க மட்டுமே இரண்டு பிளக்-இன்கள் வந்தன. ‘டைப் ஆர்’ என்பது டிரான்சிஸ்டர் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, மூடுகிறது என்று அளந்தது. ‘டைப் எஸ்’ டையோடைச் சோதித்தது.

இந்த இரண்டாவது சோதனை கொஞ்சம் நுட்பமானது. டையோடு என்பது கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி, ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைத் திடீரெனத் திருப்பினால் டையோடு அந்தக் கணமே மூடிவிடாது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேறும்வரை எதிர்த்திசையிலும் கொஞ்ச நேரம் மின்சாரம் ஓடும். நொடியில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு நேரம்தான். ஆனால் கணினிச் சுற்றுக்கும் ரேடார் சுற்றுக்கும் அது பெரிய நேரம். அந்த எதிர்த்திசை ஓட்டத்தை அப்படியே படமாகக் காட்டியது டைப் எஸ். இன்று மின்வாகன சார்ஜரிலும் சோலார் இன்வெர்ட்டரிலும் டையோடு தேர்ந்தெடுப்பவர்கள் தேடிப் பார்க்கும் ‘ரிவர்ஸ் ரெக்கவரி’ இதுவேதான்.

அதே நிறுவனத்திலிருந்து 1957-ல் வந்த ‘575’ தனிப் பெட்டிக் கர்வ் டிரேசர். டிரான்சிஸ்டர்களைச் சோதிக்கப் பிறந்த அந்தக் கருவிக்குள் இருந்தவை பெரும்பாலும் வால்வுகள்! கலெக்டருக்கு 20 வோல்ட் வரை 10 ஆம்பியர், 200 வோல்ட் வரை 1 ஆம்பியர் என இரண்டு அளவில் மின்சாரம் தந்தது. அக்காலத்து டெக்ட்ரானிக்ஸ் கருவிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே வரிசையாக வெள்ளைப் பீங்கான் பட்டைகள் இருக்கும், உதிரி பாகங்களின் கால்கள் எல்லாம் அவற்றின் பள்ளங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஈயம் வைத்தால் பீங்கானில் பூசிய வெள்ளி கரைந்து, பிடிப்பு விட்டுவிடும். அதனால் வெள்ளி கலந்த பற்றுக்கம்பி ஒரு சுருள், பெட்டிக்குள்ளேயே ஓர் ஓரத்தில் மாட்டி அனுப்பப்பட்டது. பத்து வருடம் கழித்து எவரோ ஒரு மெக்கானிக் திறந்து பழுது பார்க்கப்போகிறார் என்று தொழிற்சாலையிலேயே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பழுது பார்க்க முடியாதபடி ஒட்டி மூடிய பொருள்களை வாங்கிக்கொண்டிருக்கும் இன்றைய தலைமுறைக்கு இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

1969-ல் அதன் வாரிசான ‘576’ வந்தது. 1500 வோல்ட் வரை சோதித்தது. கோட்டின் பக்கத்திலேயே அளவுகளைக் கண்ணாடி இழை வழியாக ஒளிரும் எழுத்தில் காட்டியது. அதே ஆண்டு அறிமுகமான ‘7000’ வரிசை ஆஸிலாஸ்கோப்புகளுக்கு ‘7சி.டி.1என்’, அதைவிட எளிய ‘5000’ வரிசைக்கு ‘5சி.டி.1என்’ என்று செருகும் வகைக் கர்வ் டிரேசர்கள் பின்னர் வந்தன. விரல்கள் பிடிக்கும் அளவு குமிழ்கள், டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் செருக முகப்பிலேயே துளைகள். சிறிய டிரான்சிஸ்டர், டையோடு, எஃப்.இ.டி. போன்றவற்றுக்கு இவை போதும். கனத்த பவர் டிரான்சிஸ்டரை அதன் முழுச் சுமையில் சோதிக்க இவற்றுக்குத் திராணி கிடையாது, அந்த வேலைக்கு 575-ஓ 576-ஓதான் வேண்டும்.

உள்ளே நடப்பது எளிமையானது. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதை ரெக்டிஃபை செய்தால் நொடிக்கு 100 மேடுகள். ஒவ்வொரு மேடும் கலெக்டர் வோல்ட்டேஜைச் சுழியிலிருந்து உச்சிக்கு ஏற்றி இறக்கும். ஒரு மேடு முடிந்ததும் பேஸ் மின்னோட்டம் ஒரு படி ஏறும். கலெக்டர் வோல்ட்டேஜ் திரையில் இடம் வலமாகவும், கலெக்டர் மின்னோட்டம் மேல் கீழாகவும் ஒளிப்புள்ளியை நகர்த்தும். பத்துப் படி வைத்தால் பத்து வளைகோடுகள், பத்தில் ஒரு நொடியில். மாணவர் ஒரு மதியம் முழுக்க வரைந்த படம் அது.

கிராஃப் தாளில் தெரியாத சில விஷயங்களும் இதில் தெரியும். பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒன்றைச் செருகி, அதன் உலோகத் தொப்பியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால், உடம்புச் சூட்டுக்கே வளைகோடுகள் மெல்ல மேலே நகருவதைப் பார்க்கலாம். வெப்பம் ஏறினால் கசிவு ஏறும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது இங்கே கண்முன் நடக்கும். வோல்ட்டேஜைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கோடு சட்டென்று மேலே திரும்பும், அதுதான் அந்த டிரான்சிஸ்டர் தாங்கும் எல்லை. நல்ல டிரான்சிஸ்டரில் அந்தத் திருப்பம் கூர்மையாக இருக்கும். உள்ளே அழுக்கும் குறையும் இருந்தால் கோடு முன்கூட்டியே வளையத் தொடங்கி, மழுங்கலாகப் போகும்.

அந்தக் கூர்மையை முடிவு செய்வது சிலிக்கானின் தூய்மை. இதில் சேலம் மாவட்டத்துக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. இரண்டே ஆண்டில், 1936-ல், அங்கே மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் அமைந்தது. உப்புக் கரைசலில் டி.சி. மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா எடுக்கும் தொழில். அப்போது கூடவே குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கும். சிலிக்கானைச் சுத்தம் செய்யத் தேவைப்படும் முக்கியமான இரண்டு பொருள்களும் அவைதான். 1980-களில் மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம் மேட்டூரில் உருவானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஆர்.வாசுதேவமூர்த்தியின் குழு வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் அதற்கு அடிப்படை. ஆண்டுக்கு 25 டன் பாலிசிலிக்கான் என்பது திட்டமிட்ட அளவு.

செய்முறை இப்படி. சாதாரண உலோகத் தர சிலிக்கானை ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்தால் டிரைகுளோரோசிலேன் என்ற திரவம் கிடைக்கும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தால் கலப்படங்கள் பின்தங்கிவிடும். பிறகு சுமார் 1100 டிகிரி சூட்டில் ஹைட்ரஜனோடு சேர்த்து, மெல்லிய சிலிக்கான் கம்பிகளின் மேல் படியவைப்பார்கள். கம்பி நாள்கணக்கில் பருத்துக்கொண்டே வரும். குறைக்கடத்திக்கு வேண்டிய தூய்மையில், நூறு கோடி அணுவுக்கு ஓர் அந்நிய அணு கலந்தாலும் கவலைப்பட வேண்டும்.

அந்தக் காலத்தில் டெல்லியில் பெரிய விவாதம் நடந்தது. அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கி, தேசிய சிலிக்கான் ஆலை ஒன்றை அமைக்க மத்திய மின்னணுத் துறை முனைந்தது. உள்நாட்டுத் தொழில்நுட்பம் மேட்டூரில் கையில் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று அறிவியலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுத் திட்டமும் நிறைவேறவில்லை, மேட்டூரின் பாலிசிலிக்கான் உற்பத்தியும் காலப்போக்கில் நின்றுபோனது. 2021 டிசம்பரில் மத்திய அரசு குறைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது, காவிரிக் கரையில் 1980-களில் நடந்த இந்த முயற்சியை நினைவுபடுத்தியவர்கள் மிகச் சிலரே. பள்ளிப் பிள்ளைகளை மேட்டூர் அணைக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்கள், இங்கே ஒரு காலத்தில் குறைக்கடத்திக்கு வேண்டிய சிலிக்கான் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சிலிக்கான் செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் பயன்படுத்துவதில் இந்த வட்டாரத்துக்கு ஈடு குறைவு. மேட்டூரில் 1965-ல் உற்பத்தி தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலை டி.சி. மின்சாரத்தை நம்பி ஓடிய தொழில். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து மில்களில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள், கோழிப்பண்ணைகளின் இன்வெர்ட்டர்கள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள், நாமக்கல் லாரிகள், எல்லாவற்றிலும் டையோடும் டிரான்சிஸ்டரும் இருக்கின்றன.

லாரியையே எடுத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டரைப் பட்டறையில் இன்றும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். அது தருவது மூன்று ஃபேஸ் ஏ.சி. அதை டி.சி.யாக்கி பேட்டரிக்கு அனுப்ப ஆறு டையோடுகள் ஒரு தட்டில் பதிந்திருக்கும். “சார்ஜ் ஏறலீங்கண்ணா” என்று டிரைவர் வண்டியை நிறுத்தினால், ஆட்டோ எலக்ட்ரீஷியன் தட்டைக் கழற்றி, ஒரு பேட்டரியும் ஒரு பல்பும் வைத்துச் சோதிப்பார். ஒரு பக்கம் வைத்தால் பல்பு எரிய வேண்டும், மாற்றி வைத்தால் எரியக் கூடாது. இரண்டு பக்கமும் எரிந்தால் ஷார்ட், எந்தப் பக்கமும் எரியாவிட்டால் ஓப்பன். பெரும்பாலான பழுதுகள் இந்தப் பல்பிலேயே பிடிபட்டுவிடும், அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் சூடானால் மட்டும் கசியும் டையோடு பல்புக்கு அகப்படாது. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூட்டில் கசியும், காலையில் ஆறிய பிறகு பட்டறையில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டே டையோடைச் சூடாக்கினால் அந்தத் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

மைக்செட்காரர்களுக்கு வேறு தொல்லை. திருவிழா ஆம்ப்ளிஃபையர்களில் பல காலமாக 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் புழங்குகிறது. அசல் டிரான்சிஸ்டர் 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட் தாங்க வேண்டியது. சந்தையில் போலிகள் உண்டு. உலோக மூடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லாத சிலிக்கான் துணுக்கு இருக்கும். மல்டிமீட்டர் சோதிப்பது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரில். அதில் போலியும் பாஸாகிவிடும். பம்பை உடுக்கை உச்சத்துக்குப் போகும்போது ஆம்பியர் கணக்கில் மின்சாரம் கேட்டால் அது கருகும். 575 போன்ற கருவியில் மின்னோட்டத்தை ஏற்றிப் பார்த்தால், மேலே போகப் போக வளைகோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்துவிடுவது தெரியும். வாங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படிப்பட்ட கருவி எல்லோருக்கும் கிடைக்குமா? டெக்ட்ரானிக்ஸ் பிளக்-இன்கள் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். ஆனால் அவற்றின் எளிய தம்பி ஒன்று இந்திய ஆய்வகங்களில் ஏராளமாக வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹேமெக் நிறுவன வடிவமைப்பில், இந்தூரின் சயன்டிஃபிக் மெஸ்-டெக்னிக் செய்த எச்.எம்.203 ஆஸிலாஸ்கோப்பில் ‘காம்பொனென்ட் டெஸ்டர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. முகப்பில் இரண்டு துளை. உதிரி பாகத்தின் இரண்டு காலையும் அதில் இணைத்துப் பொத்தானை அழுத்தினால் திரையில் அதன் கோடு தெரியும். வருடக்கணக்கில் அந்தக் கருவியில் சைன் அலை பார்த்த பலர் அந்தப் பொத்தானை ஒரு முறையும் அழுத்தியிருக்க மாட்டார்கள்.

பொத்தான் இல்லாத சி.ஆர்.ஓ.விலும் செய்யலாம். 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனை சோதிக்க வேண்டிய பாகத்துக்குப் போகட்டும். பாகத்தின் மறுமுனையில் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் அடுத்த முனை திரும்ப டிரான்ஸ்ஃபார்மருக்கு. பாகமும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் சி.ஆர்.ஓ.வின் கிரவுண்டு. பாகத்தின் மேல் முனை எக்ஸ் சேனலுக்கு, ரெசிஸ்டரின் கீழ் முனை ஒய் சேனலுக்கு. சி.ஆர்.ஓ.வை எக்ஸ்-ஒய் நிலையில் வைத்து, ஒய் சேனலைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினால் படம் சரியான திசையில் வரும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு தனிச் சுற்று உள்ளதாக இருக்க வேண்டும், ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஆகவே ஆகாது. சோதிக்கும் போர்டில் மின்சாரம் இருக்கக் கூடாது, கெப்பாசிட்டர்களில் தேங்கியதையும் இறக்கிவிட வேண்டும்.

எதையும் இணைக்காதபோது படுக்கைக் கோடு. இரண்டு வயரும் தொட்டுக்கொண்டால் நட்டக் கோடு. ரெசிஸ்டர் என்றால் சாய்ந்த கோடு. கெப்பாசிட்டர் என்றால் வட்டமோ நீள்வட்டமோ வரும், உள்ளே காய்ந்துபோன கெப்பாசிட்டரில் அந்த வட்டம் நசுங்கிச் சாயும். டையோடு என்றால் படுக்கையாக வந்து ஓர் இடத்தில் செங்குத்தாகத் திரும்பும். சிலிக்கானில் அந்தத் திருப்பம் 0.6, 0.7 வோல்ட் அளவில், ஜெர்மானியத்தில் 0.2, 0.3 அளவில். செனர் டையோடு என்றால் இரண்டு பக்கமும் திரும்பும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண் அழிந்துபோன டிரான்சிஸ்டர் கையில் கிடைத்தால், பேஸ் எது என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். எமிட்டர் எது, கலெக்டர் எது என்பதில்தான் குழப்பம். பல சிலிக்கான் டிரான்சிஸ்டர்களில் பேஸ்-எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் 6-லிருந்து 8 வோல்ட்டுக்குள் உடைந்துவிடும். கலெக்டர் சந்தி அதைவிடப் பல மடங்கு தாங்கும். 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சி சுமார் 8.5 வோல்ட். எனவே பேஸோடு சேர்த்துச் சோதிக்கும்போது எந்தக் காலில் செனர் மாதிரி இரண்டு திருப்பம் தெரிகிறதோ அதுவே எமிட்டராக இருக்கும். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் மின்னோட்டத்தைச் சில மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். ஆனாலும் சந்தியை அந்த நிலையில் நெடுநேரம் விட்டால் டிரான்சிஸ்டரின் பெருக்குத்திறன் குறையும், பார்த்தவுடன் கழற்றிவிடுவது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 டையோடு 900 வோல்ட்டில் உடைகிறதா என்று இந்த எட்டு வோல்ட் கண்டுபிடிக்காது. அதற்கு 576 போன்ற பெரிய கருவிதான் வேண்டும், உயர் வோல்ட்டேஜ் உயிருக்கு ஆபத்து என்பதால் பயிற்சி உள்ளவர்தான் தொட வேண்டும். இன்றைய கணினி வழி அளவீட்டுக் கருவிகள் இன்னும் நுட்பமானவை. ஆனால் அவற்றின் விலை பாலிடெக்னிக் பட்ஜெட்டில் அடங்காது.

சேலத்தில் 1958-ல் தியாகராஜர் பாலிடெக்னிக்கும் 1966-ல் அரசு பொறியியல் கல்லூரியும் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் தொழில்நுட்பம் படித்தவர்களுக்குக் குறைவில்லை. இப்போது திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என எல்லாப் பக்கமும் கல்லூரிகள். டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப் வந்ததும் கனமான பழைய சி.ஆர்.ஓ.க்களைப் பயனற்றவை என்று கண்டம் செய்து எடைக்குப் போடுவது எங்கும் நடக்கும் வழக்கம். அதில் போவது இரும்பும் செம்பும் மட்டும் என்று நினைப்பது பெரிய தவறு. ஓரிகனில் டெக்ட்ரானிக்ஸின் பழைய ஊழியர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து அந்தக் கருவிகளுக்காகவே ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். நமக்கு அருங்காட்சியகம்கூட வேண்டாம்.

துறைத்தலைவர்களும் ஆய்வகப் பொறுப்பாளர்களும் அடுத்த கண்டம் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் ஒரு காரியம் செய்யட்டும். திரை எரிகிற சி.ஆர்.ஓ. ஒன்றை ஒதுக்கி வையுங்கள். எச்.எம்.203 இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு ரெசிஸ்டரும் வாங்கிக் கொடுங்கள். முதல் வகுப்பில் டையோடின் கோட்டை மாணவர் திரையில் பார்க்கட்டும். கிராஃப் தாள் அதற்குப் பிறகு வரட்டும்.